பாஸ் போட்டுக்கு எந்த காத்தாடி, எஞ்சின எவ்ளோ தூக்குறது

நம்ம சுங்கை சிப்புட்ல இருந்து குவாலா கங்சார், லெங்கோங் தாண்டி கிரிக் பக்கம் மீன்பிடி போட்டு இழுத்துக்கிட்டு போற ஆளுங்க இப்ப ரொம்ப பேரு ஆயிட்டாங்க, முன்ன தோட்டத்து பாரிட்ல விரால் பிடிச்சிட்டு இருந்தவங்கெல்லாம் இப்ப செகண்ட் ஹேண்ட் பாஸ் போட்டு, அதான் மீன் பிடிக்கிறதுக்குன்னே செஞ்ச வேகப் போட்டு, வாங்கி தெமெங்கோர் ஏரியில தோமான் மீன் தேடுறாங்க, நல்ல விஷயம்தான். ஆனா எல்லாரும் மொத கேக்குறது ஒரே கேள்வி, அண்ணே எந்த காத்தாடி போட்டா வேகம் வரும்னு. எஞ்சின் ஃபுல் திராட்டில்ல எத்தன ஆர்பிஎம் சுத்துதுன்னு கேட்டா பதில் இருக்காது. காலு அளவு தெரியாம சப்பாத்து வாங்குற கதைதான் இது.

காத்தாடின்னு நம்ம ஆளுங்க சொல்றது, கம்போங் ஆளுங்க கிப்பாஸ்னு சொல்றது, கடையில ப்ரொப்பெல்லர்னு கேக்குறது எல்லாம் ஒண்ணுதான். அதுல ரெண்டு நம்பர் அடிச்சிருக்கும், 13.25, 19 இப்படி. மொத நம்பர் விட்டம், அத அதிகமா யோசிக்க வேணாம், உங்க எஞ்சினுக்கு வர்ற காத்தாடி எல்லாம் ஏறக்குறைய அதே விட்டத்துலதான் வரும். ரெண்டாவது நம்பர்தான் பிட்ச். மரக்கட்டையில ஸ்க்ரூ ஏறுற மாதிரி காத்தாடி ஒரு சுத்து சுத்துனா 19 இஞ்சி முன்ன போகணும், ஆனா தண்ணி கட்டை இல்லையே, கொஞ்சம் வழுக்கும், அந்த வழுக்கலுக்கு பேரு ஸ்லிப்.

பெரிய பிட்ச்னா பெரிய வேகம்னு நெனக்கிறது தப்பு. கப்சாய் மோட்டார் சைக்கிள்ல பின்னால கேஸ் தோங் கட்டிக்கிட்டு நாலாவது கியர்ல மேடு ஏத்திப் பாருங்க, முக்குமே தவிர போகாது. போட்டும் அப்படித்தான். நான் வாங்குன 17 அடி போட்டுல மெர்க்குரி 115 நாலு ஸ்ட்ரோக், கூடவே பளபளன்னு 21 பிட்ச் ஸ்டெயின்லெஸ் காத்தாடி, முன்ன வச்சிருந்தவரு ஒத்த ஆளா ஓட்டுவாரு போல. நானும் மச்சானும் ஏறி, எண்ணெய் ஃபுல், மீன உசுரோட வைக்கிற லைவ்வெல்லுல தண்ணி, மூணு பேட்டரி, ஐஸ் பெட்டி எல்லாம் வச்சி ஓட்டுனா 4900 ஆர்பிஎம் தாண்டல. அந்த எஞ்சினுக்கு கம்பெனி சொல்ற ஃபுல் திராட்டில் கணக்கு 5000லேருந்து 6000. அதுக்கு கீழ நிக்கிதுன்னா எஞ்சின் திணறுதுன்னு அர்த்தம், சூடு ஏறும், கரி பிடிக்கும், நாளாக நாளாக உள்ள அடி வாங்கும். 6000 தாண்டி ஏறிக்கிட்டே போனா சுத்துறத கட்டுப்படுத்துற லிமிட்டர் பிடிச்சி இழுக்கும், அதுவும் வேணாம். உங்க எஞ்சின் என்னன்னு மேனுவல்ல பாத்துக்குங்க, எல்லாத்துக்கும் ஒரே கணக்கு கெடையாது, மெர்க்குரி 60 நாலு ஸ்ட்ரோக்குக்கே 5500லேருந்து 6000 வரைக்கும்தான். நீங்க எப்பவும் ஏத்துற பாரத்தோட ஓடுறப்ப அந்த கணக்குல மேல் பாதியில நிக்கணும், இதுதான் குறி.

பிட்ச் ஒரு இஞ்சி கொறச்சா 150லேருந்து 200 ஆர்பிஎம் ஏறும், கூட்டுனா அதே அளவு எறங்கும். இத வச்சிதான் எந்த நம்பர் வேணும்னு கணக்கு போடணும். இன்னொண்ணு, அமெரிக்காக்காரன் வீடியோவுல சொல்ற நம்பர அப்படியே வாங்கிடாதீங்க, நம்ம ஊரு வெக்கையிலயும் ஈரக்காத்துலயும் எஞ்சினுக்கு பலம் கொஞ்சம் கொறையும், அவன் குளிருல ஓட்டி எடுத்த நம்பர் நமக்கு ஒரு பிட்ச் பெருசா இருக்க வாய்ப்பு இருக்கு.

சரி, டெஸ்ட் எப்படி எடுக்குறது. காலையில காத்து எழும்புறதுக்கு முன்ன போங்க, போன்ல ஜிபிஎஸ் வேகம் காட்டுற ஆப் போதும், லைஃப் ஜாக்கெட் போட்டு எஞ்சின நிறுத்துற கில் சுவிட்ச் கயித்த மாட்டிக்கிட்டு, போற பக்கம் ஒரு ஓட்டம் வர்ற பக்கம் ஒரு ஓட்டம் எடுத்து நடுவ பிடிங்க. ட்ரிம்ம, அதாவது எஞ்சின் சாயுற கோணத்த, மெதுவா ஏத்தி வேகம் ஏறுறது நிக்கிற எடத்துல ஆர்பிஎம், வேகம், எஞ்சின ஆற வைக்கிற தண்ணியோட ப்ரெஷர், போட்டு பிளேன் ஏற, அதாவது தண்ணி மேல எழும்பி வழுக்கி ஓட, எத்தன செகண்டு ஆச்சின்னு எல்லாத்தயும் எழுதி வைங்க. கடையில கடன் எழுதுற 555 புக்கு ஒண்ணு இதுக்குன்னே வச்சிருக்கேன், ஈரக்கையால எழுதுனதுல பாதி பக்கம் அப்பளம் மாதிரி ஆயிடிச்சி ஆனாலும் அதுதான் எனக்கு எல்லாம்.

அந்த நம்பர வச்சி ஸ்லிப் பாக்கலாம். ஆர்பிஎம்மையும் பிட்சையும் பெருக்கி, அத 0.001524ஆல பெருக்கி, கியர் ரேஷியோவால வகுத்தா வழுக்கலே இல்லாம போக வேண்டிய வேகம் கிலோமீட்டர்ல வரும். என் எஞ்சினுக்கு ரேஷியோ 2.07, அதாவது காத்தாடி ஒரு சுத்து சுத்த எஞ்சின் 2.07 சுத்து சுத்தும். அப்ப 4900, 21 பிட்ச்சுக்கு 75.8 வரணும், ஜிபிஎஸ்ல காட்டுனது 62தான், 18 பர்சன்ட் ஸ்லிப். பாஸ் போட்டுக்கு 10லேருந்து 15 வந்தா நல்லா இருக்குன்னு வச்சிக்கலாம். 18னா ஒண்ணு காத்தாடி சரியில்ல, இல்ல எஞ்சின் உயரம் சரியில்ல, என் விஷயத்துல ரெண்டுமே.

மொதல்ல 19 பிட்ச் மாத்துனேன். 5300 வந்துச்சி, வேகம் அதே 62, மச்சான் காச தண்ணியில போட்டியான்னு சிரிச்சான். ஆனா பிளேன் ஏறுறது நல்லாவே முன்னேறிடிச்சி, எஞ்சினும் முக்கல. மிச்ச வேகம் உயரத்துல ஒளிஞ்சிருந்துச்சி.

உயரம்தான் நம்ம ஆளுங்க யாரும் தொடாத விஷயம், கடைக்காரன் மாட்டிக் குடுத்த எடத்துலயே பத்து வருஷம் ஓட்டுவாங்க. எஞ்சின் கீழ எறங்கி இருந்தா காத்தாடி மாட்டியிருக்குற அடிப்பகுதி, லோவர் யூனிட்னு சொல்றது, தேவைக்கு மேல தண்ணிக்குள்ள கெடக்கும், அத இழுத்துக்கிட்டு போறதுலயே பலம் போயிடும். தூக்குனா இழுவை கொறையும், ஆர்பிஎம்மும் வேகமும் ஏறும். ரொம்ப தூக்குனா காத்தாடி காத்த உறிஞ்சும், எஞ்சின ஆற வைக்கிற தண்ணி போற ஓட்டையும் காத்து குடிக்கும். இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்க நிக்கிறதுங்கறதுதான் கேள்வி.

அளக்குறது இப்படி. போட்டுக்கு அடியில பின்பக்கம் நடுவுல தட்டையா ஒரு பட்டை இருக்கும், பேட்னு சொல்வாங்க, வேகமா போறப்ப போட்டு அது மேலதான் நிக்கும். ட்ரெய்லர் முன் சக்கரத்த ஏத்தி எறக்கி பேட் மட்டமா வர்ற மாதிரி வைங்க, அப்புறம் ட்ரிம்ம தட்டி காத்தாடிக்கு மேல தட்டையா இருக்குற கேவிட்டேசன் பிளேட்டையும் மட்டத்துக்கு கொண்டாங்க. நேரான அலுமினியம் பட்டை ஒண்ண பேட்டுக்கு அடியில ஒட்ட வச்சி பின்னால எஞ்சின் வரைக்கும் நீட்டி பிடிச்சி, அங்கேருந்து காத்தாடி நட்டோட நடு வரைக்கும் கீழ எவ்ளோன்னு அளங்க. நான் மொத தடவ பட்டையெல்லாம் எதுக்குன்னு வீட்டு முன்னால சிமெண்டு தரையிலேருந்து பேட்டுக்கு ஒரு அளவு, நட்டுக்கு ஒரு அளவு எடுத்து கழிச்சேன், அஞ்சு இஞ்சி வந்துச்சி. பக்கத்து வீட்டு மாமா கொத்து வேல செய்றவரு, மட்டக்கோல தரையில வச்சி காட்டுனாரு, மழைத்தண்ணி ஓடுறதுக்காக தரையே வாசல் பக்கம் சரிஞ்சி இருக்கு. அவரு மட்டக்கோலையே பட்டையா பிடிச்சி அளந்தா அஞ்சே முக்கா. முக்கா இஞ்சின்னா எஞ்சின் பிராக்கெட்டுல ஒரு ஓட்டை தூரம், அதுல தப்பு பண்ணியிருந்தா எல்லாமே தப்பா போயிருக்கும்.

அஞ்சே முக்காங்கறது ரொம்ப கீழ. பேட் வச்ச பாஸ் போட்டுக்கு நாலு இஞ்சி கிட்ட ஆரம்பிச்சி மூணரை, மூணுன்னு தேடிப் போறதுதான் வழக்கம், பாரம் ஏத்துற போட்டுன்னா நாலோட நிறுத்திக்கலாம். பேட் இல்லாத சாதா அலுமினிய போட்டுன்னா கேவிட்டேசன் பிளேட்ட போட்டோட அடிமட்டத்துக்கு நேரா வச்சி அங்கேருந்து ஆரம்பிங்க. போட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவுல மாட்டி எஞ்சின ஏத்தி எறக்குற ஜேக் பிளேட் இருந்தா எஞ்சின் பின்னால தள்ளி நிக்கும், போட்டு தாண்டுன ஒடனே தண்ணி மேல எழும்பும், அதனால இன்னும் கொஞ்சம் தூக்க எடம் கெடைக்கும்.

தூக்குறது ஒரு தடவைக்கு கால் இஞ்சிதான், ஆசைப்பட்டு ஒரேயடியா தூக்காதீங்க. ஜேக் பிளேட் இல்லன்னா பிராக்கெட் ஓட்டைக்கு ஓட்டை முக்கா இஞ்சியாத்தான் ஏறும், அதுக்கு போல்ட்டு கழட்டணும், 115 எஞ்சின் 163 கிலோ, நாலு பேரு கையில பிடிச்சிக்கிறோம்னு யாராச்சும் சொன்னா போயிட்டு வாங்கன்னு சொல்லிட்டு செயின் பிளாக் இருக்குற பெங்கல்லுக்கு கொண்டு போங்க. போல்ட்டு ஓட்டையில மெரின் சிலிக்கான் புதுசா போடணும், இல்லன்னா பின்பலகைக்குள்ள தண்ணி எறங்கி மரம் ஊறிடும். தூக்குன பெறகு ஸ்டியரிங் கேபிளும் எண்ணெய் ஹோசும் இழுபடுதான்னு ரெண்டு பக்கமும் திருப்பி பாத்துடுங்க.

ஒவ்வொரு கால் இஞ்சிக்கும் தண்ணியில எறக்கி 555 புக்குல எழுதுங்க. தண்ணி ப்ரெஷர் மீட்டர் இல்லன்னா உயர விளையாட்டு வேணாம்ங்கறது என் கருத்து, பின்னால பீச்சுற தண்ணிய வச்சி மட்டும் நம்ப முடியாது. மீட்டர்ல ப்ரெஷர் கொஞ்சம் கொஞ்சமா கொறையறது சகஜம், சட்டுன்னு விழுந்தா, இல்ல ஊசி துடிச்சா, அதுதான் எல்லை, ஒரு படி எறக்குங்க. வளைவுல திருப்புறப்ப ஆர்பிஎம் விர்ருன்னு ஏறி போட்டு போகாம இருந்தாலும் அதே அர்த்தம். அத எல்லாரும் கேவிட்டேசன்னு சொல்றாங்க, அசல் பேரு வென்டிலேசன், மேலேருந்து காத்தோ எக்ஸாஸ்ட் புகையோ காத்தாடிக்குள்ள போறது, கேவிட்டேசன்ங்கறது பிளேடு மேல ப்ரெஷர் கொறஞ்சி தண்ணியே ஆவியாகி குமிழி விடுறது, அது பிளேட அரிச்சி வைக்கும்.

என் போட்டு நாலு இஞ்சியில 5600 ஆர்பிஎம், 69 கிலோமீட்டர், ஸ்லிப் 12. மூணே முக்காவுக்கு தூக்குனேன், நேரா போறப்ப சொர்க்கம், செண்டெரோ ஏரியில கொடி அடர்த்தியா இருக்குற ஒரு வளைவுல ப்ரெஷர் ஊசி படுத்துடிச்சி, மறுபேச்சு இல்லாம கால் இஞ்சி எறக்கிட்டேன். பாசி கொடி நெறைய இருக்குற தண்ணியில ஓட்டுறவங்க உச்சத்துக்கு போகாம ஒரு படி கீழயே இருங்க, ஒரு கொத்து எல தண்ணி போற ஓட்டைய மூடுனா போதும், எஞ்சின் வெந்துடும்.

தூக்குன பெறகு ஆர்பிஎம் ஏறிடுது இல்லையா, அதனால பிட்ச்ச திரும்ப ஒரு தடவ பாக்கணும். 6000த்த முட்டுச்சின்னா ஒரு பிட்ச் கூட்டலாம்.

மூணு பிளேடா நாலான்னு கேப்பாங்க. நாலு பிளேடு பின்பக்கத்த தூக்கிக் குடுக்கும், சீக்கிரம் பிளேன் ஏறும், வளைவுல பிடிப்பு விடாது, உச்ச வேகத்துல கொஞ்சம் போகும், மாத்துறப்ப பிட்ச் ஒண்ணு கொறைக்கணும். மூணு பிளேடுல பாஸ் போட்டுக்குன்னு பின்னால சாஞ்ச மாதிரி செஞ்சது மூக்க தூக்கும், அதுதான் வேகம். ரெண்டு பேருக்கு மேல ஏத்துறவங்க நாலு பிளேடு போடுங்கன்னுதான் நான் சொல்வேன்.

ஸ்டெயின்லெஸ் லேசுல வளையாது, வேகம் நல்லா வரும், ஆனா தெமெங்கோர்ல அணைக்கட்டு தண்ணிக்குள்ள முழுகுன காட்டு மரம் இன்னும் நிக்கிது, தண்ணி எறங்குன மாசத்துல மொட்டைக்கட்டை மேல அடிச்சா அலுமினியம்னா பிளேடு மட்டும் போகும், ஸ்டெயின்லெஸ்னா அடி உள்ள கியர் வரைக்கும் போகலாம். எடம் தெரியாதவங்க அலுமினியத்துல ஆரம்பிங்க.

பழைய காத்தாடி வாங்குறவங்களுக்கு ஒண்ணு. நான் ஒரு கடையில 19 பிட்ச் பழசு ஒண்ணு 400 வெள்ளிக்கு வாங்கி பண்டிங் ஜெட்டியில எறக்கி ஓட்டுனேன், நடு ஏரியில எஞ்சின் கத்துது, போட்டு ஆமையா ஊருது. நடுவுல இருக்குற ரப்பர் ஹப் வழுக்கிடிச்சி. ஆயிரம் ஆர்பிஎம்ல ஊர்ந்து ஊர்ந்து ஜெட்டிக்கு வர ரெண்டு மணி நேரம். அப்புறம் ஒரு தவுக்கே சொல்லிக் குடுத்தாரு, உள் ஹப்பு மேலயும் வெளி உடம்பு மேலயும் சேத்து மார்க்கர்ல ஒரு கோடு போடு, ஓட்டிட்டு வந்து பாரு, கோடு ரெண்டா பிரிஞ்சிருந்தா ஹப் போச்சின்னு.

மாத்துறப்ப சாவிய எடுத்துடுங்க, கில் சுவிட்ச் கயித்த உருவிடுங்க, நியூட்ரல்ல வைங்க, பிளேடுக்கும் கேவிட்டேசன் பிளேட்டுக்கும் நடுவுல ஒரு கட்டைய சொருகி நட்ட கழட்டுங்க. வாஷர் எது முன்ன எது பின்னன்னு போன்ல படம் எடுத்துக்குங்க. உள்ள தங்கூஸ் சுத்தியிருக்கான்னு கட்டாயம் பாருங்க, அது சீல அறுத்து தண்ணி உள்ள போனா கியர் எண்ணெய் தே தாரிக் கலர்ல வரும். ஷாஃப்ட் பல்லுல மெரின் கிரீஸ் நல்லா பூசி, நட்ட 55 அடி பவுண்டுக்கு முறுக்கி, லாக் வாஷர் காத மடக்கி விடுங்க, அந்த கணக்கு என் மெர்க்குரிக்கு, உங்களுதுக்கு மேனுவல பாருங்க. கழட்டுன பழைய காத்தாடிய விக்காதீங்க, அது, ஒரு உபரி நட்டு, சாக்கெட், கட்டை நாலும் ஒரு அரிசி பையில கட்டி போட்டுல இருக்குற பெட்டியிலயே கெடக்கட்டும், என்னோட 21 பிட்ச் இப்ப அங்கதான் இருக்கு.