பீடி சுற்றும் வீட்டில் கைக்குழந்தைக்குப் பாலூட்டும் முறை

முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் வட்டாரங்களில் பேறுகாலம் முடிந்த சில வாரங்களிலேயே மடியில் சுளகை (முறத்தை) வைத்துக்கொண்டு பீடி சுற்ற உட்காரும் தாய்மார் பலர். புகையிலைத் தூளில் உள்ள நிக்கோட்டின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் இரத்தத்தில் கலந்து பாலுக்கும் வந்து சேர்கிறது என்பது உண்மை. இதைக் கேட்டவுடன் பாலை நிறுத்திவிட்டுப் பால்மாவுக்கு மாறச் சொல்லும் பெரியவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அந்த யோசனையை ஏற்க வேண்டாம். தாய்ப்பால் தரும் நோய் எதிர்ப்பைப் பால்மா தராது. அதோடு, பால்மாவைக் கரைக்கும் வயலோரக் கிணற்று நீரில் கைக்குழந்தைக்குக் கேடான உரத்தின் நைட்ரேட் கலந்திருந்தால், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை பீடி சுற்றும் தாய்க்கும் பொருந்தும். விலக்க வேண்டியது தூளைத்தான்.

குழந்தைக்கு வயிறு நிறையப் பால் கொடுத்துவிட்டு வேலைக்கு உட்காருங்கள். பாலில் சேர்ந்த நிக்கோட்டின் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும் என்பதால், வேலை முடிந்தபின் எவ்வளவு நேரம் கழித்து ஊட்டுகிறீர்களோ அவ்வளவு நல்லது. ஆனால் பிள்ளை பசித்து அழுதால் கடிகாரத்தைப் பார்க்காமல் கொடுத்துவிட வேண்டும். பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதால் பயனில்லை. இரத்தத்தில் குறையக் குறையப் பாலிலும் தானே குறையும்.

ஊட்டுவதற்கு முன் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தூள் அதிகம் தங்குவது நகக்கண்ணில்தான். பீடியின் முனையை மடக்கி மடக்கி அங்கே பழுப்பேறியிருக்கும், ஆகவே நகத்தை ஒட்ட வெட்டிவிடுவது நல்லது. சேலைக்கு மேல் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு சுற்றி, எழுந்ததும் அதைக் கழற்றி வெளியே தொங்கவிட்டால், குழந்தை முகம் புதைக்கும் மாராப்பில் தூள் படியாது. தலையில் ஒரு துணியும் கட்டிக்கொள்ளலாம். தொட்டில் கட்டிய அறையில் சுளகே வரக்கூடாது. திண்ணையிலோ முற்றத்திலோ சுற்றுங்கள். தரையை வாரியலால் பெருக்கினால் தூள் எழும்பும் என்பதால், ஈரத்துணியால் துடைப்பதே சரி.

கார், பிசானம் ஆகிய நெல் பருவங்களில் வயலுக்கு மருந்தடித்துவிட்டு வரும் கணவரும் குளித்து உடை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும். அந்த உடையைக் குழந்தைத் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது.

பிள்ளை தவழத் தொடங்கிவிட்டால் பாலைவிடத் தரைதான் கவலைக்குரியது. சிந்திய தூளை வாயில் போட்டுவிட்டு வாந்தி, அளவுமீறிய எச்சில், முகவெளுப்பு, சோர்வு ஆகியவற்றில் எது கண்டாலும், வாந்தி எடுக்க வைக்க முயலாமல், வாயில் தெரிவதை மட்டும் துடைத்தெடுத்து, உடனே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். தின்றது புகையிலை என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.