ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வந்தால் என்ன செய்ய வேண்டும்? சேலத்துச் சிறு வியாபாரிகளுக்கு ஒரு வழிகாட்டி

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடையானாலும் ஏற்காட்டுக் காப்பித்தூள் கடையானாலும், வரி வழக்கில் சிறு வியாபாரி தோற்பது பெரும்பாலும் சட்டத்தினால் அல்ல, பதில் சொல்லாமல் இருந்துவிடுவதால்தான். ஜி.எஸ்.டி. நோட்டீஸ் தபாலில்தான் வரும் என்பதில்லை. ஜி.எஸ்.டி. இணையதளமான போர்ட்டலில் ஏற்றினாலே போதும் என்று துறை கருதுகிறது. அங்கே அது ‘வியூ அடிஷனல் நோட்டீசஸ் அண்ட் ஆர்டர்ஸ்’ என்ற தனிப் பகுதிக்குள் கிடக்கலாம். பதிவில் உள்ள கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் ஆடிட்டருடையதாக இருந்தால், கடைக்காரருக்குத் தகவலே எட்டாமல் போகக்கூடும். எனவே அவற்றை உங்களுடையதாக மாற்றிக்கொண்டு, வாரம் ஒரு முறையாவது நீங்களே போர்ட்டலைத் திறந்து பாருங்கள்.

நோட்டீஸ் கண்ணில் பட்டவுடன் அதன் படிவ எண்ணைக் கவனிக்க வேண்டும். ஏஎஸ்எம்டி-10 என்றால், நீங்கள் தாக்கல் செய்த வரிக் கணக்கான ரிட்டர்னில் கண்ட வேறுபாட்டுக்கு விளக்கம் மட்டுமே கேட்கிறார்கள். ஏஎஸ்எம்டி-11 படிவத்தில் பதில் தர வேண்டும். டிஆர்சி-01 என்றால் வரி கேட்டு முறையான நடவடிக்கை தொடங்கிவிட்டது என்று பொருள். டிஆர்சி-07 என்பது உத்தரவு. அதற்குப் பிறகு விளக்கம் எழுதிப் பயனில்லை, மேல்முறையீடுதான் வழி. நோட்டீஸின் குறிப்பு எண் உண்மையானதுதானா என்பதைப் போர்ட்டலிலேயே சரிபார்க்கலாம். கைப்பேசிக்கு வரும் இணைப்பை நம்பி யாரும் பணம் கட்ட வேண்டாம்.

அடிக்கடி எழும் சிக்கல், வியாபாரி தாக்கல் செய்யும் 3பி ரிட்டர்னில் எடுத்த உள்ளீட்டு வரி (கொள்முதலில் கொடுத்து, தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வரவு), விற்றவர்கள் ஏற்றிய பில்களிலிருந்து போர்ட்டல் தயாரிக்கும் 2பி பட்டியலில் உள்ளதைவிட அதிகம் என்பதாகும். ஒரு கொலுசு வியாபாரிக்கு இந்த வேறுபாடு 54,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இதில் 36,000 ரூபாய், மார்ச் இறுதியில் பில் போடப்பட்டு ஏப்ரலில் கடைக்கு வந்து சேர்ந்த 12 லட்சம் ரூபாய் வெள்ளிக்கு 3 விழுக்காடு வீதம் கட்டிய வரி. பில் முந்தைய நிதியாண்டின் 2பி-யில் இருக்க, அவர் வரவை இந்த ஆண்டின் 3பி-யில் எடுத்ததால் வந்த வேறுபாடு இது. சரக்கு கைக்கு வந்த பிறகே வரவு எடுக்க வேண்டும் என்பது சட்டம் என்பதால் அவர் செய்தது சரியே. அந்த பில், சரக்கு வந்து சேர்ந்த நாளைக் காட்டும் ஆவணம், வங்கி வழியாகப் பணம் கொடுத்த சான்று, முந்தைய ஆண்டின் 2பி, அந்த ஆண்டில் இவ்வரவு எடுக்கப்படவில்லை என்பதைக் காட்டும் 3பி ஆகியவற்றை வரிசை எண்ணிட்டு இணைத்தால், அதிகாரி ஒவ்வொரு தொகையையும் தாமே ஒப்பிட்டுப் பார்க்க முடியும். ‘எல்லாம் சரியாகவே உள்ளது’ என்ற ஒற்றை வரிப் பதில் எதையும் நிரூபிக்காது.

மீதி 18,000 ரூபாய்க்கான பில்லை விற்றவர் ஏற்றவே இல்லையென்றால், இப்போதைய சட்டப்படி அந்த வரவு நிற்காது. கடைக்காரர் விற்றவருக்கு வரியைக் கொடுத்திருந்தும் இந்தச் சுமை அவர் தலையில் விழுவது நியாயமில்லை என்பதே என் எண்ணம். ஆனாலும் அதற்காக முழு நோட்டீஸையும் எதிர்த்துக்கொண்டிருப்பது நல்லதல்ல. தவறான தொகையை, தாமாகவே வரி கட்டுவதற்கான டிஆர்சி-03 படிவம் மூலம் கட்டிவிடலாம். அந்த வரவைப் பயன்படுத்தியும் இருந்தால் ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி சேரும். மோசடிக் குற்றச்சாட்டு இல்லாத வழக்கில், 2024-25 முதலான ஆண்டுகளுக்கு, டிஆர்சி-01 பிறப்பிக்கப்பட்ட 60 நாளுக்குள் வரியையும் வட்டியையும் கட்டினால் அபராதம் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு 30 நாள். உத்தரவு வரை போனால் வரியில் 10 விழுக்காடு அல்லது 10,000 ரூபாய், இவற்றில் எது அதிகமோ அது அபராதமாகும்.

பதிலிலேயே நேர்முக விசாரணை வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். கேட்டவருக்கு அதை மறுக்கக் கூடாது. விசாரணை நாளில் போக முடியாவிட்டால், தக்க காரணம் காட்டி அவகாசம் கேட்கலாம். அதிகபட்சம் மூன்று முறை தள்ளிவைக்கச் சட்டம் இடம் தருகிறது.

அப்படியும் உத்தரவு பாதகமாக வந்தால், அது கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஏபிஎல்-01 படிவத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் ஒரு மாதம் வரை ஏற்பார்கள். அதற்குப் பிறகு ஏற்கும் அதிகாரம் மேல்முறையீட்டு அதிகாரிக்கே கிடையாது. ஒப்புக்கொண்ட தொகை முழுவதையும், எதிர்க்கும் வரியில் 10 விழுக்காட்டையும் கட்ட வேண்டும். மேற்சொன்ன வியாபாரி எதிர்ப்பது 36,000 என்றால் கட்ட வேண்டியது 3,600 ரூபாய்தான். அதைக் கட்டி மனுப் போட்டுவிட்டால் மீதித் தொகை வசூல் நின்றுவிடும்.

நோட்டீஸைப் பார்க்காமலே உத்தரவு வந்து, அந்த நான்கு மாதமும் கடந்துவிட்டவர்களுக்கு எஞ்சியிருப்பது சென்னை உயர் நீதிமன்றத்தில் அந்த உத்தரவை நீக்கக் கோரும் ரிட் மனு மட்டுமே. போர்ட்டலில் மட்டும் ஏற்றி, விசாரிக்காமல் போட்ட உத்தரவுகள் பலவற்றை, வரியில் ஒரு பகுதியைக் கட்டும் நிபந்தனையுடன் நீதிமன்றம் நீக்கி, மறுவிசாரணைக்கு அனுப்பியிருக்கிறது. ஆனால் அது உரிமையாகக் கிடைப்பதல்ல. தாமதத்துக்கான காரணம் நீதிபதிக்கு ஏற்புடையதாக இருக்க வேண்டும்.