வெண்டைக்காய்த் தண்ணீரில் உப்பைப் போட்டுப் பாருங்கள்

காரைக்குடியில் பதினோராம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். பாகுத்தன்மை (திரவம் ஓடாமல் இழுக்கிற தன்மை) பாடம் வந்தால் பிள்ளைகளை வெண்டைக்காயும் வெந்தயமும் கொண்டுவரச் சொல்வேன். இரண்டும் கொழகொழதான். ஆனால் உப்பைப் போட்டால் ஒன்று இளகும், இன்னொன்று அசையாது. இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

பிஞ்சு வெண்டைக்காய் நாலைந்தை நறுக்கி, ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறப்போடுங்கள். ஆர்ஓ தண்ணீர் நல்லது. போர் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் ஏற்கெனவே கரைந்திருக்கும், கொழகொழப்பு முதலிலேயே குறைந்துவிடும். பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, இரண்டு தம்ளரில் சரிபாதியாக ஊற்றுங்கள். ஒன்றில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரையுங்கள். இரண்டையும் ஒரே தண்ணீர்த் தொட்டியில் சிறிது நேரம் வையுங்கள். சூடு ஏறினாலே எந்தத் திரவமும் இளகும் என்பதால் இதை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் ஊசி மாட்டிய 10 மில்லி சிரிஞ்சில் ஊற்றி நேராகப் பிடித்து, 10-லிருந்து 2 வரை இறங்க எத்தனை விநாடி என்று போனில் பாருங்கள். வெறும் தண்ணீருக்கும் உப்புத் தண்ணீருக்கும் இதே மாதிரி எடுத்துவிடுங்கள், ஒப்பிட வேண்டும்.

உப்புப் போட்டது சீக்கிரம் இறங்கிவிடும். வெண்டைக்காயின் கொழகொழப்பு பெக்டின் என்னும் நார்ச்சத்து வகை; அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலி நெடுக எதிர்மின்சுமை இருக்கிறது. அந்தச் சுமைகள் ஒன்றையொன்று விலக்குவதால் சங்கிலி விறைத்து நீண்டு நின்று தண்ணீரின் ஓட்டத்தைத் தடுக்கிறது. உப்பிலிருந்து நேர்மின்சுமை உள்ள சோடியம் அயனி வந்து அந்த விலக்கலை மறைத்ததும் சங்கிலி சுருண்டுகொள்கிறது. வெந்தயத்தில் இருப்பது காலக்டோமன்னன் என்னும் வேறு நார்ச்சத்து, அதற்கு மின்சுமையே கிடையாது. இரவு ஊறப்போட்டு வடித்து இதே சோதனையைச் செய்யுங்கள், உப்பால் பெரிய வித்தியாசம் தெரியாது. புளியங்கொட்டை மாவும் அப்படித்தான், ஆனால் அதைக் கொதிக்கவைத்தால்தான் முழுப் பிசுபிசுப்பு வரும்.

அரிசி களைந்த தண்ணீரில் புளி விட்டு வைக்கும் நம் செட்டிநாட்டுக் குழம்பான வெண்டைக்காய் மண்டியில் நடப்பது எனக்கு ரொம்பப் பிடித்த வேதியியல். உப்பு விலக்கலை மறைக்கிறது, புளியின் அமிலம் மின்சுமையையே குறைக்கிறது, காயின் வழவழப்பு அடங்குகிறது. குழம்பு மட்டும் கெட்டியாகவே இருக்கிறது. காரணம் அரிசி களைந்த தண்ணீர்: அதில் இருப்பது மாவுச்சத்து, மின்சுமை இல்லாதது, இந்த உப்புக்கெல்லாம் மசியாது. பொரியலில் கதை வேறு. அங்கே முதலிலேயே உப்புப் போட்டால் காயிலிருந்து நீரோடு கொழகொழப்பும் வெளியே வந்துவிடும், கடைசியில் போடுங்கள்.

பாதாம் பிசினும் மின்சுமை உள்ள ரகம். உப்புத் தண்ணீரில் சரியாக உப்பாது. வெறும் தண்ணீரில் இரவே ஊறவையுங்கள். உப்புப் போட்ட மோரில் போடுவதாக இருந்தால் நன்றாக ஊறிய பிறகு, குடிக்கிற நேரத்தில் கலந்தால் போதும்.