ஆங்கிலத்தில் அழுத்திச் சொல்லும்போது நேரும் தவறுகள்

தரமணியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், லண்டனிலிருந்து வந்த அறிக்கையைப் பாராட்ட நினைத்து, ‘யுவர் ரிப்போர்ட் இஸ் டூ டீட்டெய்ல்டு’ என்று மின்னஞ்சல் அனுப்பினார். மறுநாள் ஒரு மன்னிப்புக் குறிப்போடு, பாதியாகக் குறைக்கப்பட்ட அறிக்கை வந்து சேர்ந்தது.

குழப்பத்தின் வேர் நமது ‘ரொம்ப’ என்ற சொல்லில் இருக்கிறது. ‘நிரம்ப’ என்பதன் பேச்சு வடிவமான அது, ‘காபி ரொம்ப நன்றாக இருக்கிறது’ என்னும்போது மிகுதியையும், தியாகராய நகர்க் கடையில் ‘சட்டை ரொம்பப் பெரிது, மாற்றிக் கொடுங்கள்’ என்று கேட்கும்போது அளவு மீறியதையும் குறிக்கும். ஆங்கிலத்தில் முன்னதற்கு ‘வெரி’, பின்னதற்கு ‘டூ’. ‘யூ ஆர் டூ கைண்ட்’ போன்ற சில உபசார மொழிகளை விட்டுவிட்டால், ‘டூ’ வரும் இடத்தில் ஒரு குறையும் கூடவே வரும். ‘தி காஃபி இஸ் டூ ஹாட்’ என்றால் இப்போது குடிக்க முடியாது என்று பொருள். நம் ஊரில் பாராட்டாக வழங்கும் ‘டூ குட்’ நண்பர்களுக்குள் செல்லும், அலுவலகக் கடிதத்தில் வேண்டாம். ‘வெரி’யும் எல்லாச் சொல்லோடும் ஒட்டாது, எக்ஸலன்ட், பர்ஃபெக்ட், இம்பாசிபிள் ஆகியவற்றில் உச்சம் ஏற்கெனவே அடங்கியிருப்பதால், அவற்றை மேலும் அழுத்த வேண்டுமானால் ‘ஆப்சல்யூட்லி’ பொருந்தும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ‘ஒன்லி’யில் இருக்கிறது. ‘நான் அடையாற்றில்தான் இருக்கிறேன்’ என்பது நம் வாயில் ‘ஐ லிவ் இன் அடையாறு ஒன்லி’ என்று ஆகிவிடுகிறது. ‘நேற்றே’ என்பதுபோலச் சொல்லின் இறுதியில் சேரும் ஏகாரத்துக்குத் தொல்காப்பியம் கூறும் ஐந்து பொருள்களில் தேற்றமும் பிரிநிலையும் உண்டு. முன்னது உறுதிப்படுத்தும், பின்னது மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும். இன்றைய ‘தான்’ இந்த இரண்டு வேலைகளையும் செய்கிறது, ஆனால் ‘ஒன்லி’ பெரும்பாலும் பிரிநிலைக்கே உரியது. தேற்றத்துக்கு ஆங்கிலம் தனிச்சொல்லைத் தேடுவதில்லை: பேச்சில் உரிய சொல்லை அழுத்தி உச்சரிக்கிறது, எழுத்தில் ‘இட் வாஸ் ரவி ஹூ கால்டு’ என்று வாக்கியத்தையே திருப்பி அமைக்கிறது. பல இடங்களில் ஒன்றும் சேர்க்காமல் விடுவதே நல்ல ஆங்கிலம் என்பேன்.

‘வாடகையை நேற்றே கட்டிவிட்டேன்’ என்பதை ‘ஐ பெய்டு யெஸ்டர்டே இட்செல்ஃப்’ என்று எழுதினால் சென்னையில் புரியும், வெளிநாட்டவருக்கு விசித்திரமாகப் படும். ‘ஐ ஆல்ரெடி பெய்டு இட் யெஸ்டர்டே’ போதும். திருத்துகிறேன் என்று ‘ஒன்லி யெஸ்டர்டே’ என்று போட்டால் பொருள் தலைகீழாகிவிடும்: அது ‘நேற்றுதான் கட்டினேன்’ என்று தாமதத்தை நாமே ஒப்புக்கொள்வதாகும்.

‘சோ’வுக்கும் ‘சச்’சுக்கும் உள்ள வேறுபாடு எளிது. பெயர்ச்சொல் தொடர்ந்தால் ‘சச் எ பியூட்டிஃபுல் ஹவுஸ்’, தொடராவிட்டால் ‘சோ பியூட்டிஃபுல்’. ‘குவைட்’ அப்படி எளிதில் பிடிபடாது. பிரிட்டிஷார் ‘குவைட் குட்’ என்றால் பெரும்பாலும் ‘பரவாயில்லை’ என்ற அளவுதான், அவர்களே ‘குவைட் இம்பாசிபிள்’ என்றால் ‘முற்றிலும் முடியாது’. அமெரிக்கர் வாயில் ‘குவைட் குட்’ இன்னும் சற்று உயர்ந்த பாராட்டு.

வாடகை வரவில்லை என்று வீட்டுக்காரர் சாதிக்கும்போது, ‘கட்டத்தான் செய்தேன்’ என்கிறோம் அல்லவா, அதற்கு நேரான ஆங்கிலம் ‘ஐ டிட் பே’. ‘டிட்’டிலேயே இறந்தகாலம் வந்துவிட்டதால் ‘ஐ டிட் பெய்டு’ என்பது பிழை. யாரும் மறுக்காத இடத்தில் இந்த ‘டிட்’டைப் போட்டாலோ, வீட்டுக்காரர் ‘நான் இல்லை என்று சொல்லவில்லையே’ என்று விழிப்பார்.