ஒரு கடலைக்குப் பிறகு மாறிய எங்கள் தின்பண்ட அலமாரி

என் மகளுக்கு ஒன்றரை வயது. பாட்டியின் தட்டிலிருந்து வறுத்த நிலக்கடலையை வாயில் போட்டுக்கொண்டு ஓடியவளுக்குப் புரையேறியது. முகம் சிவந்தது. ஆனால் சத்தமாக இருமினாள், அழுதாள். காற்று போய்வருகிறது என்று புரிந்தது. வாய்க்குள் விரலை விடாமல், இருமவிட்டேன். கடலை வெளியே விழுந்தது. சத்தமே வராமல் போயிருந்தால் என்ற எண்ணம் இன்றும் என்னை உலுக்குகிறது. மூச்சில் எதுவும் தங்கவில்லை என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே உயிர் வந்தது.

அன்றிரவே அலமாரியைக் காலி செய்தேன். சத்தானதா என்று மட்டுமே பார்த்துவந்திருக்கிறேன், வடிவத்தைப் பார்க்கவில்லை. இந்த வயதில் முன்பற்கள் கடிக்கும், ஆனால் உணவை அரைக்கும் கடைவாய்ப் பற்கள் முழுதாக வந்திராது. உருண்டையாக, கெட்டியாக, வழுக்கலாக இருப்பவைதான் மூச்சுக்குழாயை அடைக்கும். சீடை, முறுக்கு, பாப்கார்ன், ஜெல்லி மிட்டாய் எல்லாம் மேல்தட்டுக்குப் போயின. முழுக்கடலை நான்கு வயதுக்குப் பிறகுதான். அதுவரை கடலையைப் பொடித்துக் கஞ்சியில் கலக்கிறேன். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுகிறேன். குறுக்கே வெட்டினால் வட்டம் அப்படியே இருக்கும். கேரட்டை விரலால் நசுங்கும்வரை வேகவைக்கிறேன்.

"நீயும் சீடை தின்றுதானே வளர்ந்தாய்?" என்று அம்மா கேட்டார். கடலை விழுந்த இடத்தைக் காட்டினேன். இப்போது உட்காரவைக்காமல் பேத்திக்கு எதையும் ஊட்டுவதில்லை, அவர்.