அன்டனா கேபிளுக்கை தண்ணி போனது

மயிலிட்டியில நிக்கிற எங்கட போட்டில விஎச்எஃப் செட் (கடலில கதைக்கிற ரேடியோ) நாலு நாளாப் படுத்தின பாடு இப்பதான் தீர்ந்தது. மற்றாக்கள் கதைக்கிறது கேக்கும், ஆனா நாங்கள் பொதுவாக் கூப்பிடுற 16ஆம் சனலில கூப்பிட்டா ஒருத்தருக்கும் கேக்காது, எஸ்டபிள்யூஆர் (அன்டனாவுக்கு அனுப்புற சக்தி எவ்வளவு திரும்பி வருதெண்டு காட்டுற அளவு, 1க்குக் கிட்ட இருந்தா நல்லது) 3க்கு மேல. செட்டை மாத்தி, பியூஸ், பற்றரி வயர் எல்லாம் பாத்தன், சரிவரேல்ல. கடைசியா அன்டனாவடியில கனெக்டரை வெட்டினா, வெளியில காஞ்சு கிடக்கு, உள்ளுக்கை கேபிளின்ர பின்னல் கம்பி ஒரு முழத்துக்குக் கறுத்துப் போச்சு. டேப்பை மேலயிருந்து கீழ சுத்தினதுதான் பிழை, ஒவ்வொரு மடிப்பும் தண்ணியை ஏந்துது. கறுத்ததை வெட்டியெறிஞ்சு, புதுக் கனெக்டர் சோல்டர் பண்ணி, தன்னோடயே ஒட்டுற ரப்பர் டேப்பை நல்லா இழுத்து, கீழயிருந்து மேல, கிடுகு வேயுற மாதிரி பாதி பாதி ஏறச் சுத்தினன். வினாகிரி மணக்கிற சிலிக்கன் மட்டும் பூசாதேங்கோ, செம்பை அரிக்கும். தண்ணி உள்ள ஓடாம வளைவிலயே சொட்டட்டுமெண்டு, கேபிளை ஒரு வளைவு தொங்க விட்டுத்தான் கபினுக்கை எடுத்தனான். இப்ப எஸ்டபிள்யூஆர் 1.3.