வயிற்றில் பிள்ளையோடு மலைப்பாதையில் கார் பழகுவது எப்படி

எங்கள் வீடு நீலகிரியில், கோத்தகிரி பக்கத்தில் உள்ள அரவேனுவில் மெயின் ரோட்டை விட்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே, தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே இருக்கிறது. காலையில் ஒரு மினி பஸ், சாயங்காலம் ஒன்று. வீட்டுக்காரருக்குக் கோவையில் வேலை. சனிக்கிழமை இரவு வந்து திங்கட்கிழமை விடியுமுன் கீழே இறங்கிவிடுவார். வாசலில் பழைய வேகன்ஆர் நிற்கும். அதை எடுக்கத் தெரிந்த ஆள் வாரத்தில் ஆறு நாள் வீட்டில் இருக்கமாட்டார். கர்ப்பம் உறுதியான அன்றே எனக்கு அது உறைத்துவிட்டது.

"பிள்ளை பிறக்கட்டும், அப்புறம் பழகிக்கலாம்" என்று அத்தை முதல் பக்கத்து வீட்டு அக்கா வரை எல்லோரும் சொன்னார்கள். அக்கறையோடுதான் சொன்னார்கள். ஆனால் கைக்குழந்தைக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் கொடுத்துக்கொண்டு தினமும் பயிற்சிக்குப் போக எந்தத் தாயால் முடியும்? பஸ் இல்லாத இடத்தில் இருக்கிறவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். கர்ப்பிணி கார் ஓட்டக் கூடாது, லைசென்ஸ் தேர்வுக்கு வரக் கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. எந்த மாதத்தில் எதைச் செய்வது என்ற கணக்குத்தான் முக்கியம்.

முதலில் இரண்டு காலண்டரைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்று பிரசவ தேதி. இன்னொன்று எல்.எல்.ஆர்., அதாவது லைசென்ஸுக்கு முன் வண்டி பழகுவதற்குத் தரும் அனுமதித் தாள். எல்.எல்.ஆர். கைக்கு வந்து 30 நாள் கழிந்த பிறகுதான் ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும். ஆறு மாதம் முடிந்தால் அது காலாவதி, மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும். எனக்கு டிசம்பர் 18ஆம் தேதி எல்.எல்.ஆர். வந்தது, அப்போது பதினைந்தாவது வாரம். அது செல்லுபடியாகும் கடைசி நாள் ஜூன் 17. ஸ்கேன் ரிப்போர்ட்டில் பிரசவ தேதி ஜூன் 13. நான்கே நாள் வித்தியாசம். இரண்டு தாளையும் ஒரே பிளாஸ்டிக் உறையில்தான் வைத்திருந்தேன். ஆறு மாதம் இருக்கிறதே என்று எல்.எல்.ஆர். தாளைப் பார்த்து நிதானமாக இருந்திருந்தால், வயிறு ஸ்டீயரிங்கை முட்டும் நேரத்தில் தேர்வுக்குப் போய் நின்றிருப்பேன். நமக்குக் கையில் இருப்பது நான்காம் மாதத் தொடக்கத்திலிருந்து ஆறாம் மாதம் முடியும் வரை, அவ்வளவுதான்.

முதல் மூன்று மாதம் தொடாதீர்கள். வாந்தி, அசதி, எந்த நேரமும் தூக்கம். வாந்திக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கும் மாத்திரைகள் சிலவற்றில் டாக்ஸிலமின் என்ற மருந்து இருக்கும், அது கண்ணைச் சொருக வைக்கும். உங்கள் மாத்திரை அப்படிப்பட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆமாம் என்றால் அதை நிறுத்தும் வரை ஸ்டீயரிங் பக்கம் போக வேண்டாம். ஒன்று சொல்ல வேண்டும்: கோத்தகிரிக்கு பஸ்ஸில் போனால் இரண்டாவது வளைவிலேயே எனக்குக் குமட்டும். நானே ஓட்டியபோது ஒரு நாள்கூடக் குமட்டவில்லை. ஓட்டுகிறவருக்கு அடுத்த வளைவு முன்கூட்டியே தெரியும், உடம்பு அதற்குத் தயாராக இருக்கும். அதனால்தான் ஓட்டுநருக்குக் குமட்டல் குறைவு.

எல்.எல்.ஆருக்குப் பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்கும்போது படிவம் 1 வரும். உடல்நிலையைப் பற்றி நாமே உறுதி சொல்லும் தாள் அது. எல்லாவற்றுக்கும் யோசிக்காமல் டிக் போட்டுவிட்டுப் போகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதில் முதல் கேள்வியே வலிப்பு, திடீர் மயக்கம், தலைசுற்றல் இருக்கிறதா என்பதுதான். கர்ப்ப காலத்தில் தலைசுற்றல் சாதாரணமாக வரும். எனக்கும் உட்கார்ந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். அதனால் விண்ணப்பிக்கும் முன்பே டாக்டரிடம் சொன்னேன். அவர் ரத்த அழுத்தமும் ஹீமோகுளோபினும் பார்த்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, மூன்று வாரம் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றார். (மாத்திரையை டீயோடு விழுங்காதீர்கள். டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. நாள் முழுக்க டீ குடிக்கிற நம் ஊரில் இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.) உட்கார்ந்திருக்கும்போதே மயக்கம் வருகிறவர்கள், ரத்தப்போக்கு இருந்தவர்கள், நஞ்சுக்கொடி கீழே இருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள் இந்த முயற்சியை இப்போது விட்டுவிடுங்கள். தேதி போனால் இன்னொரு எல்.எல்.ஆர். எடுத்துக்கொள்ளலாம்.

விண்ணப்பத்தில் காருக்கு மட்டும் போடுங்கள். சேர்த்து எடுத்துவிடலாம் என்று டூ வீலரையும் சேர்க்கச் சொல்வார்கள். வேண்டாம். வயிறு பெரிதாகும்போது உடம்பின் எடை முன்னால் போகும், மூட்டுகளும் இளகியிருக்கும். எட்டுப் போடும்போது கால் ஊன்றத் தவறினால் விழுவது நீங்கள் மட்டும் இல்லை.

இனி இருக்கை. இதற்கு முதல் நாள் வகுப்பில் அரை மணி நேரம் ஒதுக்கச் சொல்லி மாஸ்டரிடம் கேளுங்கள். நான் ஐந்தடிக்குக் குறைவு. கிளட்ச் எட்டுவதற்காக இருக்கையை முன்னால் இழுத்தால் ஸ்டீயரிங் நெஞ்சுக்கு வந்துவிடும். நெஞ்செலும்புக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே 25 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். என் கைக்கு அது ஒரு சாணும் இரண்டு விரலும். தினமும் வண்டியில் ஏறியதும் சாண் வைத்துப் பார்த்துக்கொள்வேன். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்தால் இன்னும் முன்னால் தள்ளும், அதனால் உட்காரும் இடத்தில் கெட்டியான மெத்தை போட்டு உயரத்தைக் கூட்டினேன், சாய்மானத்தைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்தேன். ஸ்டீயரிங்கை மேலே கீழே சாய்க்க வசதி இருந்தால், அது வயிற்றைப் பார்க்காமல் நெஞ்சைப் பார்க்கும்படி வையுங்கள்.

சீட் பெல்ட் குழந்தையை அழுத்தும் என்று சொல்லி அத்தை எனக்குப் போடவே விடவில்லை. செக்கப்புக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போய் டாக்டர் வாயாலேயே கேட்க வைத்தேன். பெல்ட் இல்லாவிட்டால்தான் வயிறு ஸ்டீயரிங்கில் போய் மோதும். கீழ்ப் பட்டை வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பின் மேல், தொடையை ஒட்டிப் போக வேண்டும். மேல் பட்டை இரண்டு மார்புக்கும் நடுவே வந்து வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். வயிற்றின் மேலே எந்தப் பட்டையும் குறுக்கே போகக் கூடாது. சேலையை விட சுடிதார் வசதி, பட்டை மடிப்பில் மாட்டாது. காலுக்குத் தட்டையான, பின்பக்கம் பட்டை உள்ள செருப்பு அல்லது ஷூ. ஐந்தாம் மாதத்துக்கு மேல் பாதம் வீங்கும், ஹவாய் செருப்பு கிளட்சிலிருந்து வழுக்கும்.

பயிற்சிப் பள்ளி வண்டியில் மாஸ்டர் பக்கமும் கிளட்சும் பிரேக்கும் இருக்கும். ஆரம்பத்தில் அந்த வண்டியில்தான் பழக வேண்டும். சொந்த வண்டியில் வீட்டுக்காரரோடு பழகுவதாக இருந்தால் லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் இருப்பதும், முன்னும் பின்னும் எல் போர்டு மாட்டுவதும் கட்டாயம். எனக்கு ஒரு வகுப்பு முப்பது நிமிடம்தான். அதற்கு மேல் கிளட்ச் மிதித்தால் அன்று இரவு கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். காலையில் இரண்டு இட்லியாவது சாப்பிட்டு, சிறுநீர் கழித்துவிட்டுக் கிளம்புவேன். பையில் வெல்லம் போட்ட கடலை மிட்டாய், தண்ணீர், செக்கப் அட்டை.

மலையில் பழகுகிறவருக்கு முதல் பாடமும் கடைசிப் பாடமும் ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி எடுப்பதுதான். என் மாஸ்டர் வயதானவர், குன்னூர்க்காரர். "அம்மணி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுட்டு முதல்ல மூச்சு விடு" என்பார். கீழே உருண்டுவிடுமோ என்ற பயத்தில் நாம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம், வயிறு இறுகுகிறது. ஹேண்ட் பிரேக் போட்டாயிற்று என்றால் வண்டி எங்கும் போகாது. முதல் கியர் போட்டு, லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, கிளட்சை மெதுவாக விட வேண்டும். ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் அடங்கும், பானெட் கொஞ்சம் தலை தூக்கும். அங்கேயே காலை நிறுத்திவிட்டு ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். வண்டி பின்னால் போகாமல் நிற்கும், இன்னும் கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் ஏறிவிடும். இதை நான் எங்கள் ஊர் டீ ஃபேக்டரிக்கு எதிரே உள்ள ஏற்றத்தில், கொழுந்து லாரி வராத நேரம் பார்த்து, நூறு தடவைக்கு மேல் செய்திருப்பேன்.

இறக்கத்தில் எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரில் இறங்க வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களைப் பார்த்துப் பழகாதீர்கள். பிரேக் மட்டுமே வண்டியைத் தாங்கினால் சூடாகிப் பிடிக்காமல் போகும். இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டினால் பிரேக் கட்டையாகும், பவர் ஸ்டீயரிங்கும் இறுகும். குறுகின இடத்தில் எதிரே வண்டி வந்தால் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குகிறவர் ஓரம் கட்டி நிற்க வேண்டும். கண் மறைக்கும் வளைவுக்கு முன் ஹாரன் அடியுங்கள். பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், லோ பீம் போதும். காட்டுமாடு ரோட்டில் நின்றால் ஹாரன் அடிக்காமல் தூரத்திலேயே நிறுத்திக் காத்திருங்கள், அது தானாகப் போகும். பருவமும் பார்க்க வேண்டும். கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரியும். சித்திரை வந்தால் சீசன் கூட்டம். எனக்கு மார்கழியிலிருந்து மாசி வரை கிடைத்தது நல்லதாகப் போயிற்று, குளிர்தான் கொஞ்சம் வாட்டியது.

முதல் தேர்வு பிப்ரவரி 20 அன்று. ஊட்டிக்குக் கட்டபெட்டு, தொட்டபெட்டா வழியாக விடிகாலையில் போனோம். போகும்போது நான் ஓட்டவில்லை, உடம்பை அலுக்க வைக்க வேண்டாம் என்று பின்னால் உட்கார்ந்துகொண்டேன். காத்திருக்க வேண்டி வரும் என்பதால் போன உடனே கழிப்பறை எங்கே என்று கேட்டு வைத்தேன், ஒரு மடக்கு நாற்காலியும் கொண்டு போனேன். கர்ப்பமாக இருக்கிறேன் என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம். சொன்னதும் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இரண்டு அண்ணன்மார் வழிவிட்டார்கள். தேர்வில் ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுப்பது, கியரைச் சட்டென்று குறைப்பது, ரிவர்ஸ், கண்ணாடி பார்த்து சிக்னல் போடுவது எல்லாம் விதிகளிலேயே இருக்கின்றன. நான் அன்று ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக்கை அவசரத்தில் முன்கூட்டியே விட்டுவிட்டேன். வண்டி ஓரடி பின்னால் போயிற்று. ஃபெயில்.

வீடு வரும் வரை அழுதேன். அன்று இரவு குழந்தை நன்றாக உதைத்தது, அப்போதுதான் மனசு அடங்கியது. ஏழு நாள் கழிந்தால் மறுபடி தேர்வுக்குப் போகலாம். அந்த நாட்களில் புதிதாக எதையும் பழகவில்லை, டீ ஃபேக்டரி ஏற்றம் மட்டும்தான். மார்ச் 3, இருபத்தாறாவது வாரத்தில், பாஸ். எனக்கு 28 வயது என்பதால் லைசென்ஸ் 40 வயது வரை செல்லும்.

பாஸ் ஆனதோடு முடியவில்லை, ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிக்க வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது. சின்ன இடி, சடன் பிரேக்கில் பெல்ட் இறுகியது என்றால்கூட, வலி இல்லையே என்று வீட்டில் இருக்காதீர்கள், அன்றே டாக்டரைப் பாருங்கள். நஞ்சுக்கொடி பிரிவது வெளியே தெரியாமலும் நடக்கும். உங்கள் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டி வரலாம், அதை நீங்களே ஞாபகப்படுத்துங்கள். பிரசவ வலி வந்த பிறகு நீங்களே ஓட்டிப் போவது மட்டும் கூடவே கூடாது, 108ஐக் கூப்பிடுங்கள். நான் முப்பத்திரண்டாவது வாரத்தில் சாண் கணக்குத் தவறிய அன்று சாவியை மாட்டி வைத்துவிட்டேன்.

பிரசவத்துக்குப் பிறகு டாக்டர் சொல்லும் வரை காத்திருங்கள், சிசேரியன் என்றால் இன்னும் கூடுதலாக. சடன் பிரேக் மிதித்தால் வயிறு வலிக்குமா என்று நின்ற வண்டியில் மிதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு சுகப்பிரசவம். 45ஆம் நாள் தடுப்பூசிக்கு நானே ஓட்டினேன். பின் இருக்கையில் பின்னோக்கி மாட்டிய குழந்தை இருக்கையில் மகள், பக்கத்தில் அத்தை. எங்கள் லைனிலிருந்து மெயின் ரோடு வரை செகண்ட் கியரிலேயே இறங்கினேன். அத்தை தன் பெல்ட்டைத் தானே போட்டுக்கொண்டார்.